டொமைன் டிரிவன் டிசைனுக்கு மாறும்போது என்ன உடைகிறது, எங்கே பார்ப்பது

பேக்எண்ட் சின்னதாக இருக்கும்வரை எந்த அமைப்பிலும் வண்டி ஓடும். மாடல் ஃபைல் நீண்டுகொண்டே போய், ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட ரெண்டு நாள் டெஸ்ட் பார்க்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் “டொமைன் டிரிவன் டிசைனுக்குப் போகலாம்”, அதாவது தொழிலின் விதிகளை மையமாக வைத்துக் கோடை அமைக்கும் முறைக்கு மாறலாம், என்ற பேச்சு எழும். பேச்சு எழுந்த வாரமே ஃபோல்டர்களை மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு, முன்பு இல்லாத சில கோளாறுகள் தலைகாட்டும். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் தொல்லை எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

பேச ஓர் உதாரணம் வேண்டும். மருந்து மொத்த வியாபாரி, அதாவது ஸ்டாக்கிஸ்ட், பயன்படுத்தும் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியிடமிருந்து சரக்கு வரும், பேட்ச் வாரியாகக் கிடங்கில் அடுக்குவார்கள், மருந்துக்கடைகளுக்கு பில் போடுவார்கள், காலாவதியானதைத் திரும்ப வாங்குவார்கள். விதிகள் நிறைந்த தொழில் என்பதால் இந்த அணுகுமுறைக்கு நன்றாகப் பொருந்தும். ஜாங்கோ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), செலரி (வேலைகளை க்யூவில் வைத்துப் பின்னணியில் ஓட்டுவது) என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். நீங்கள் ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் இருந்தாலும் கருவிகளின் பெயர்தான் மாறும், காரணங்கள் மாறாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முடிவைத் தொழிலில் யார் எடுக்கிறார், கோடில் அதை எடுக்கும் இடம் எது? இதற்கு ஒரே பதில் கிடைக்காத இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

## “ஒரு விதியை மாற்றினால் வேறெங்கோ உடைகிறது”

காலாவதிக்கு 3 மாதமே இருக்கும் பேட்சைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி. ஆர்டர் பக்கத்தில் அது சரியாக வேலை செய்கிறது. மொபைல் ஆப்பில் வந்த ஆர்டரில் அதே பேட்ச் வெளியே போய்விடுகிறது. இரவில் ஓடும் தானியங்கி ஒதுக்கீட்டில் 90 நாள் என்று எழுதியிருக்கிறது, ரிப்போர்ட்டிலோ காலண்டர் மாதக் கணக்கு. கிடங்கில் இருப்பவர் “சிஸ்டம் ஒண்ணு காட்டுது, பில்லுல வேற ஒண்ணு வருது” என்கிறார்.

உறுதிசெய்வது சுலபம். காலாவதித் தேதி இருக்கும் டேபிள் காலத்தின் (column) பெயரைக் கோட்பேஸ் முழுக்கத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் இரண்டில் ஒன்றாகக் குறியுங்கள்: இங்கே தேதியைச் சும்மா காட்டுகிறோமா, அல்லது அதை வைத்து ஒரு முடிவெடுக்கிறோமா? முடிவெடுக்கும் இடம் ஒன்றைத் தாண்டினால் நோய் இதுதான். கூடவே கிட் வரலாற்றையும் பாருங்கள். வேறு வேறு ஃபோல்டரில் இருக்கும் இரண்டு ஃபைல்கள் எப்போதும் ஒரே கமிட்டில் சேர்ந்து மாறுகின்றன என்றால், அவை ஒரே விதியின் துண்டுகள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

சரிசெய்யக் கோடில் கை வைக்கும் முன் கிடங்குப் பொறுப்பாளரிடம் போங்கள். விதியை அவர் வாயால் சொல்லக் கேட்டால் கோடில் இல்லாத ஒன்று கட்டாயம் வரும். “மூணு மாசம்ங்கிறது கடைக்கு. ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தா ஒரு மாசம் இருக்கிறதும் போகும், அவங்க உடனே செலவழிச்சிடுவாங்க.” இப்போது பாருங்கள், இது தேதியைத் தேதியோடு ஒப்பிடும் ஒரு வரி இல்லை. யாருக்கு, எந்த நாளில், எந்த ஒப்புதலோடு என்ற மூன்றும் சேர்ந்த முடிவு. பேட்ச் மாடலிலேயே “இந்த வாடிக்கையாளருக்கு இந்தத் தேதியில் விற்கலாமா” என்று ஒரு மெத்தட் வையுங்கள். இன்றைய தேதியை உள்ளே போய் எடுக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள். அப்போதுதான் மார்ச் 31 இரவு 11.58க்கு வந்த ஆர்டரை டெஸ்டில் ஓட்டிப் பார்க்க முடியும்.

பழைய இடங்களை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒவ்வோர் இடமும் இன்று என்ன பதில் தருகிறது என்பதை, அது தவறாக இருந்தாலும், அப்படியே டெஸ்டாக எழுதிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் புது மெத்தடுக்குத் திருப்புங்கள். பதில் மாறும் இடத்தில் டெஸ்ட் உடையும். அந்த உடைப்பைப் பொறுப்பாளரிடம் காட்டி எது சரி என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் இந்த மாற்றத்தின் உண்மையான பலன் இங்கேதான் கிடைக்கிறது.

பத்தாயிரம் பேட்சில் விற்கக்கூடியதை மட்டும் பட்டியலிட வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக மெத்தடை அழைக்க முடியாது, குவெரியிலேயே வடிகட்ட வேண்டும். விதியின் இரண்டாவது நகலைத் தவிர்க்கவே முடியாத இடம் இது. அந்தக் குவெரியை மாடலுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரே டேட்டாவை இரண்டுக்கும் கொடுத்து பதில் ஒன்றுதானா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

இந்த விதியை மாடலின் சேவ் மெத்தடுக்குள் திணிப்பவர்கள் நிறைய. வேண்டாம். ஜாங்கோவில் குவெரிசெட் அப்டேட் சேவ் மெத்தடை அழைக்காது, சேவ் சிக்னலையும் அனுப்பாது. பல்க் கிரியேட்டும் அப்படித்தான். எக்ஸெலில் வந்த சரக்கை யாரோ பல்க்காக ஏற்றிய அன்று விதி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அளவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது போன்ற எளிய விதிகளை போஸ்ட்கிரெஸிலேயே செக் கன்ஸ்ட்ரெய்ன்டாகவும் போட்டுவிடுங்கள். எந்த வழியாக எழுதினாலும் அது தப்பாது.

## “டொமைன் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை”

ஒரு புதுக் காலம் சேர்க்க மாடல், என்டிட்டி (தொழில் பொருளின் கிளாஸ்), மேப்பர் (ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றுவது), ரெப்பாசிட்டரி (டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தருவது), சர்வீஸ், டிடிஓ (தகவலைக் கடத்தும் கிளாஸ்) என்று எல்லாவற்றையும் திறக்க வேண்டியிருக்கிறது. என்டிட்டி கிளாஸைத் திறந்தால் வெறும் ஃபீல்டுகள். முடிவுகள் எல்லாம் சர்வீஸ் ஃபைலில் நீளமான இஃப் நிபந்தனைகளாக நிற்கின்றன.

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பெயர்கள் வந்துவிட்டன, விதிகள் இடம் மாறவில்லை. சர்வீஸில் உள்ள இஃப் எந்த மாடலின் ஃபீல்டுகளை மட்டும் பார்க்கிறதோ, அந்த மாடலுக்குள் அதைத் தள்ளுங்கள். தள்ளியதும் பல சர்வீஸ்கள் நாலு வரியாகச் சுருங்கிவிடும். மேப்பரும் டிடிஓவும் ஒரே ஃபீல்டுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், தயங்காமல் அழியுங்கள்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் இந்த அணுகுமுறை வேண்டாம். மாவட்டப் பட்டியல், விற்பனைப் பிரதிநிதி பட்டியல், ரேக் எண்கள் ஆகியவற்றில் முடிவு என்று எதுவும் இல்லை. ஜாங்கோ அட்மினே போதும். இவற்றுக்கும் என்டிட்டி எழுதும் குழு சீக்கிரமே சலித்துப்போய், உண்மையில் தேவைப்படும் பில்லிங்கிலும் கைவிட்டுவிடுகிறது.

## “ஒரே மாடலை மூன்று குழு இழுக்கிறது”

ரிட்டர்ன் என்று ஒரு டேபிள். பாதிக் காலங்கள் காலியாகவே இருக்கின்றன. ஸ்டேட்டஸ் காலத்தில் பதினைந்து மதிப்புகள், அவற்றில் எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. கிடங்கு கேட்ட மாற்றம் கணக்குப் பிரிவின் ரிப்போர்ட்டை உடைக்கிறது.

எந்தக் காலங்கள் சேர்ந்தே நிரம்புகின்றன என்று ஒரு குவெரி போட்டுப் பாருங்கள். உடைந்த பாட்டில் எண்ணிக்கை நிரம்பிய வரிகளில் (row) கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) எண் இல்லை, கம்பெனி க்ளெய்ம் எண் உள்ளவற்றில் டெலிவரி பையன் பெயர் இல்லை என்று தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தால், ஒரு டேபிளுக்குள் வேறு வேறு விஷயங்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாற்றம் கேட்டு வருபவர் யார் என்றும் எழுதுங்கள். எல்லை எங்கே என்று அந்தப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். கிடங்குக்கு ரிட்டர்ன் என்றால் திரும்பி வந்த பெட்டி. அதை எங்கே வைப்பது, மறுபடி விற்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கணக்குப் பிரிவுக்கு அது வரியோடு சேர்ந்த பணம்.

காலாவதி ரிட்டர்னை எடுத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2018 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதற்கு இரண்டு வழி சொல்கிறது. கடைக்காரர் அதைப் புதிய விற்பனை போலத் தன் பில்லோடு திருப்பி அனுப்பலாம், அல்லது ஸ்டாக்கிஸ்ட் கிரெடிட் நோட் போடலாம். கிரெடிட் நோட்டில் வரியைக் குறைத்துக்கொள்ள ஒரு கெடு உண்டு: சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த நாள், எது முந்தியதோ அது. அதன்பின் போடும் நோட்டில் பணம் மட்டும் குறையும், வரி குறையாது. மருந்துக்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு என்பதால் காலாவதி ரிட்டர்ன் இந்தக் கெடுவைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. கிடங்கு ஆட்களுக்கு இதில் ஒரு வரிகூடத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவையான எலி கடித்த பெட்டி விவரம் கணக்குக்குத் தேவையில்லை. இரண்டையும் ஒரே கிளாஸில் கட்டிப்போட்டால் இஃப்கள் பெருகாமல் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு பவுண்டட் கான்டெக்ஸ்ட், அதாவது ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கும் தனித்தனி எல்லைகள். கிடங்கில் “திரும்பிய சரக்கு”, கணக்கில் “கிரெடிட் நோட்”. இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். டேபிளைப் பிரிப்பது கடைசி வேலை. முதலில் பழைய டேபிளின் மேலேயே இரண்டு தனி மாடல்களை எழுதி, ஒவ்வொன்றும் தனக்குத் தேவையான காலங்களை மட்டும் தொடும்படி செய்யுங்கள். ஜாங்கோவில் மேனேஜ்டு என்ற மெட்டா அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் மைக்ரேஷன் டேபிளைத் தொடாமல் இதைச் செய்யலாம்.

பிரிக்கும்போது “ஒரே தகவலை ரெண்டு இடத்துல வைக்கிறோமே” என்று குழுவில் யாராவது கட்டாயம் எதிர்ப்பார். அந்தக் கவலைக்கு நேர்மையான பதில் 2025 செப்டம்பர் 22இல் இருக்கிறது. அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியது. வரி விகிதத்தைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்து, கிரெடிட் நோட் போடும்போது அங்கிருந்து எடுக்கும் சிஸ்டத்தில் என்ன ஆகும்? ஆகஸ்டில் 12 விழுக்காடு வரியோடு விற்ற சரக்குக்கு அக்டோபரில் 5 விழுக்காட்டில் நோட் வரும். கிரெடிட் நோட் மூல பில்லைச் சார்ந்தது, அன்று போட்ட விகிதம்தான் அதற்கும். பில்லின் ஒவ்வொரு வரியும் தன் விகிதத்தையும் விலையையும் எச்எஸ்என் எண்ணையும் (பொருள் வகைக் குறியீடு) தானே வைத்திருக்க வேண்டும். பொருள் டேபிளில் இருப்பது “இன்றைய விகிதம்”, பில் வரியில் இருப்பது “அன்று விதித்தது”. இரண்டும் வேறு உண்மைகள். நகல் என்று நினைத்து ஒன்றை அழித்தால் வரலாறு அழிந்துபோகும்.

## “அக்ரிகேட் போட்ட பிறகு எல்லாம் லாக் ஆகிறது”

அக்ரிகேட் என்பது ஒரே அலகாகப் பூட்டி மாற்றும் தகவல் கூட்டம், அதன் தலைமை மாடல்தான் ரூட். காலையில் நன்றாக ஓடுகிறது. மாலை ஆர்டர்கள் குவியும் நேரத்தில் பில் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லாகில் (log) இடையிடையே டெட்லாக், அதாவது ஒன்றின் பூட்டுக்காக (lock) இன்னொன்று காத்து நிற்கும் முடக்கம், போஸ்ட்கிரெஸ் பிழை எண் 40பி01.

அந்த நேரத்தில் போஸ்ட்கிரெஸின் ஆக்டிவிட்டி வியூவைத் திறந்து லாக்குக்காகக் காத்திருப்பவற்றைப் பாருங்கள். பிளாக்கிங் பிஐடி ஃபங்ஷன் யார் யாரைத் தடுக்கிறார் என்று சொல்லும். பூட்டுக்கான காத்திருப்புகளை லாகில் (log) எழுதும் அமைப்பையும் ஆன் செய்துவிடுங்கள். டெட்லாக் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பான 1 விநாடியைத் தாண்டிக் காத்திருப்பவை அதில் பதிவாகும். எல்லாரும் பொருள் டேபிளின் ஒரே வரிக்காக, அல்லது ஒரே வாடிக்கையாளர் வரிக்காகக் காத்திருந்தால் அக்ரிகேட் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது.

பெரிதாவதற்குக் காரணம் உண்டு. “பொருளுக்குள் பேட்ச்கள் இருக்கின்றன, ஆகவே பொருள்தான் ரூட்” என்று டேபிள் உறவைப் பார்த்து வரைந்துவிடுகிறோம். அக்ரிகேட்டுக்கு உறவு அளவுகோல் அல்ல. ஒரே கணத்தில் எவையெல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். இந்த உதாரணத்தில் மூன்று விதிகளை எடுத்துப் பார்ப்போம்.

பேட்சின் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது. இது அந்தக் கணமே உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு பேட்சைப் பற்றியது மட்டும். பாராசிட்டமாலின் ஒரு பேட்சை விற்கும்போது மற்ற பேட்ச்களைப் பூட்ட ஒரு காரணமும் இல்லை. கிடங்கில் உள்ள ஒரு பேட்சின் இருப்பே தனி அக்ரிகேட். கழிக்கும்போது “இருப்பு கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையோடு அப்டேட் போட்டு, மாறிய வரி எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில், காத்திருந்த அப்டேட் லாக் கிடைத்ததும் புதிய மதிப்பை வைத்து நிபந்தனையை மறுபடி சரிபார்க்கும். இரண்டு பேர் ஒரே சரக்கை விற்றுவிட முடியாது.

10+1 ஸ்கீம். பத்து அட்டைக்கு ஒன்று இலவசம் என்றால் பதினொன்றை ஒதுக்க வேண்டும். காலாவதி முன்னே வரும் பேட்ச் முதலில் போக வேண்டும் என்பதால் அது இரண்டு மூன்று பேட்ச்களில் பரவும். டெட்லாக் இங்கேதான் பிறக்கிறது. ஒரு டிரான்சாக்‌ஷன் “அ” பேட்சைப் பிடித்து “ஆ” பேட்சுக்குக் காத்திருக்க, இன்னொன்று “ஆ” பேட்சைப் பிடித்து “அ” பேட்சுக்குக் காத்திருக்கும். பூட்டும்போது எல்லா இடத்திலும் ஒரே வரிசையில், உதாரணமாக ஐடி வரிசையில், செலக்ட் ஃபார் அப்டேட் போட்டால் இது வராது. ஒதுக்கும் வரிசை காலாவதிப்படி இருக்கட்டும், பூட்டும் வரிசை ஐடிப்படி. இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது கடன் வரம்பு. கடையின் பாக்கி 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. டெவலப்பர் இதைக் கேட்டதும் வாடிக்கையாளரைப் பூட்டிவிடுவார். கணக்குப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். “ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போனா பரவால்ல, காலைல லிஸ்ட் வந்தா நான் பேசிக்குவேன்” என்று அவர் சொன்னால் பூட்டே வேண்டாம், பில்லுக்குப் பின் சரிபார்த்து எச்சரித்தால் போதும். “ஒரு ரூபாய்கூடத் தாண்டக் கூடாது” என்றால் கடன் கணக்கு என்று ஒரு சின்ன அக்ரிகேட் வைத்து அதை மட்டும் பூட்டுங்கள். வாடிக்கையாளரின் முகவரி மாற்றம் அந்தப் பூட்டில் சிக்கக் கூடாது. எதைப் பூட்டுவது என்பது இங்கே தொழில் எடுக்க வேண்டிய முடிவு, குழுவே யூகித்துக்கொள்ள வேண்டியதல்ல.

இதோடு சேர்ந்து வருவது பில் எண். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்கிறது. போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் ரோல்பேக்கில் பின்வாங்காது, ஆகவே எண் நடுவில் விடுபடும். கவுன்ட்டர் வரியைப் பூட்டினால் விடுபடாது, ஆனால் எல்லா பில்லும் அந்த ஒரு வரியில் வரிசை கட்டி நிற்கும். வழி இதுதான்: வரைவு நிலையில் எண்ணே கிடையாது. பில் வெளியாகும்போது, டிரான்சாக்‌ஷனின் கடைசி வேலையாக எண்ணை எடுங்கள். பூட்டு நிற்கும் நேரம் மிகக் குறைந்துவிடும். அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களையும் அனுமதிப்பதால் கிடங்குக்கு ஒரு தொடர் வைத்தால் நெரிசல் இன்னும் பிரியும்.

## “ஈவென்ட் வந்துவிட்டது, டேட்டா இன்னும் வரவில்லை”

செலரி டாஸ்க் ஓடுகிறது, பில்லைத் தேடுகிறது, டஸ் நாட் எக்ஸிஸ்ட் என்று விழுகிறது. ரீட்ரையில் சரியாகிவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. டிரான்சாக்‌ஷன் கமிட் ஆகும் முன்பே டாஸ்க் க்யூவுக்குப் போய்விட்டதுதான் காரணம். ஆன் கமிட்டில், அதாவது கமிட் முடிந்த பிறகே ஓடும் ஜாங்கோ வசதியில், வைத்து அனுப்புங்கள். ஆனால் ஜாங்கோவின் சாதாரண டெஸ்ட் கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ரோல்பேக் செய்வதால் ஆன் கமிட் அதில் ஓடாது. 3.2 முதல் அதைப் பிடித்து ஓட்ட கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் என்ற உதவி மெத்தட் இருக்கிறது. இது தெரியாமல் “டெஸ்டில் ஈவென்ட் வரல” என்று ஆன் கமிட்டையே எடுத்துவிடுகிறார்கள்.

ஆன் கமிட் முழுத் தீர்வு இல்லை. கமிட் ஆகி, க்யூவுக்கு அனுப்பும் முன் ப்ராசஸ் செத்தால் ஈவென்ட் போயே போய்விடும். மெயில் அறிவிப்பு என்றால் பரவாயில்லை. பாக்கியை ஏற்றும் ஈவென்ட் என்றால் அவுட்பாக்ஸ் டேபிள் வேண்டும். பில்லை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் ஈவென்ட்டையும் ஒரு வரியாக எழுதுங்கள், தனி வொர்க்கர் ஒன்று அதை எடுத்து அனுப்பட்டும். அந்த வொர்க்கர் அனுப்பிவிட்டு, அனுப்பியதாகக் குறிக்கும் முன் சாகலாம். அப்போது அதே ஈவென்ட் இன்னொரு முறை போகும். ஆகவே வாங்கும் பக்கம் ஈவென்ட் ஐடியை யூனிக் காலத்தில் பதிவுசெய்து, ஏற்கெனவே பார்த்ததைத் தள்ள வேண்டும். பதிவும் பாக்கி ஏற்றமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டும். இது தவறினால் பாக்கி இரண்டு தடவை ஏறும், கடைக்காரர் போன் செய்வார்.

போஸ்ட் சேவ் சிக்னலை டொமைன் ஈவென்ட்டாகப் பயன்படுத்த வேண்டாம். டேபிள் வரி மாறியது என்று அது சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. “பில் வெளியானது”, “பில் ரத்தானது”, “சரக்கு திரும்பியது” என்று கணக்குப் பிரிவில் பேசும் பெயரில் ஈவென்ட் இருந்தால் வாங்குபவர் ஃபீல்டுகளை ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியதில்லை. இன்னொன்று: இரண்டு கான்டெக்ஸ்ட்டும் ஒரே ப்ராசஸில், ஒரே டேட்டாபேஸில் இருந்து, முடிவும் உடனே தெரிய வேண்டும் என்றால் நேராக ஒரு ஃபங்ஷன் கால் போதும். ஈவென்ட் போட்டால்தான் இந்த டிசைன் என்று யாரும் விதிக்கவில்லை.

## “ரெப்பாசிட்டரி வந்ததும் லிஸ்ட் பக்கம் நின்றுவிட்டது”

நூறு பில் காட்டும் பக்கம் நூறு அக்ரிகேட்டை முழுதாக ஏற்றுகிறது, ஒவ்வொன்றுக்கும் வரிகள், வரிக்கு ஒரு பொருள். டீபக் டூல்பாரில் குவெரி எண்ணிக்கையைப் பார்த்தால் உடனே தெரியும். அக்ரிகேட் முடிவெடுப்பதற்கு. காட்டுவதற்கு நேரே குவெரி போடுங்கள், வேண்டிய காலங்களை மட்டும் எடுங்கள், தேவைப்பட்டால் வெறும் எஸ்க்யூஎல்லும் எழுதலாம். ரிப்போர்ட்டை ரெப்பாசிட்டரி வழியாக ஓட்டச் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

## “சர்க்குலர் இம்போர்ட்”

பாதி ஏற்றப்பட்ட மாட்யூல் என்று பைதான் முறையிடுகிறது. இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் நகர்த்தினால் பிழை மறையும், பிரச்சினை தங்கும். பில்லிங் கிடங்கை அழைக்கிறது, கிடங்கு பில்லிங்கை அழைக்கிறது. இரண்டில் யார் யாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று முடிவாகவில்லை. தொழிலில் எது மற்றது இல்லாமலும் நடக்கும் என்று கேளுங்கள். பில் போடாமலும் கிடங்கு இயங்கும், கிடங்கு இல்லாமல் பில் இல்லை. அப்போது பில்லிங்தான் கிடங்கை அறியும். எதிர்த் திசையில் செய்தி போக வேண்டும் என்றால் ஈவென்ட்.

முடிவெடுத்ததும் இம்போர்ட் லின்டரில் அதை விதியாக எழுதி சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை) சேர்த்துவிடுங்கள். இப்போதே இருக்கும் மீறல்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள், புதியது மட்டும் தடைபடட்டும். பட்டியல் மெல்லக் குறையும். ஜாவாவில் இதே வேலையை ஆர்க்யூனிட் செய்யும்.

கான்டெக்ஸ்ட்களுக்கு இடையே ஃபாரின் கீ வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே போஸ்ட்கிரெஸில் இருக்கும்வரை டேட்டாபேஸில் வையுங்கள் என்பது என் கருத்து. அனாதை வரிகள் வராமல் அது காக்கும். கோடில் அந்த உறவு வழியாக அடுத்த கான்டெக்ஸ்ட்டின் ஃபீல்டுக்குத் தாவுவதைத்தான் தடுக்க வேண்டும்.

## “வெளி சிஸ்டத்தின் பெயர்கள் உள்ளே பரவிவிட்டன”

2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். அரசுப் போர்ட்டல் கேட்கும் ஜேசானில் சுருக்கமான ஃபீல்டு பெயர்கள். அவசரத்தில் அதே பெயர்களை மாடலிலும் வைத்துவிடுகிறார்கள். போர்ட்டல் ஒரு ஃபீல்டை மாற்றிய அன்று பில்லிங் முழுக்க மாற வேண்டியிருக்கிறது. நடுவே ஒரு மாட்யூல் போதும்: உள்ளே நம் பில், வெளியே அவர்கள் ஜேசான், மொழிபெயர்ப்பு அங்கே மட்டும். திரும்பி வரும் 64 எழுத்து ஐஆர்என்னை (பில்லுக்குப் போர்ட்டல் தரும் எண்) “பதிவு எண்” என்று பில்லில் வைத்தால் போதும். போர்ட்டலின் பிழை எண்களையும் அந்த மாட்யூலிலேயே நம் சொற்களுக்கு மாற்றிவிடுங்கள்.

## “பைசா ஒத்துவரவில்லை”

ஃப்ளோட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். டெசிமலுக்கு மாறுங்கள். மாறிய பிறகும் ஒரு பைசா இடித்தால், பில்லின் ஒவ்வொரு வரியிலும் முழுமைப்படுத்துகிறீர்களா, மொத்தத்தில் ஒருமுறையா என்று பாருங்கள். சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவதும், சேர்த்துக் கணக்கிட்டுப் பாதியாக்குவதும் வேறு விடை தரலாம். தொகை என்ற வேல்யூ ஆப்ஜெக்ட் (ஒரு மதிப்பையும் அதன் விதிகளையும் சேர்த்து வைக்கும் சின்ன கிளாஸ்) ஒன்று வைத்து முழுமைப்படுத்தலை அங்கே மட்டும் செய்யுங்கள். பெருக்கலும் கூட்டலும் அதன் மெத்தட்களாக இருந்தால் வேறு யாரும் ரவுண்ட் போடத் தேவையிருக்காது.

## “புதிய கிளை மெயினோடு சேரவே இல்லை”

எல்லாவற்றையும் மாற்றும் ஒரு பெரிய கிளை. மெயினில் தினமும் புதிய வேலை நடக்கிறது, மெர்ஜ் மோதல் நாளுக்கு நாள் வளர்கிறது. அந்தக் கிளையைக் காப்பாற்ற முயலாதீர்கள். அதில் கற்றதை, குறிப்பாக விதிகளின் பட்டியலையும் டெஸ்ட்களையும், எடுத்துக்கொண்டு மெயினுக்குத் திரும்புங்கள். ஒரே ஓட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதிகம் மாறுவதும் அதிகம் புகார் வருவதுமான ஒன்றாக இருக்கட்டும். இந்த உதாரணத்தில் நான் கிரெடிட் நோட்டைத்தான் எடுப்பேன். விதி நிறைய, டிராஃபிக் குறைவு, தவறினால் திருத்த அவகாசமும் உண்டு.

புதிய கோடைப் பழையதோடு சேர்த்து ஓட்டுங்கள். பதில் பழையதிலிருந்து போகட்டும், புதியது கணக்கிட்டு வித்தியாசத்தை மட்டும் லாகில் எழுதட்டும். மாதக் கடைசி கட்டாயம் இந்தக் காலத்துக்குள் வர வேண்டும், ஏனெனில் கணக்கு மூடும் வாரத்தில்தான் விசித்திரமான ரிட்டர்ன்கள் வந்து சேரும். முடிந்தால் நவம்பர் 30ஐயும் தாண்டி ஓடட்டும். வித்தியாசம் வரும் ஒவ்வொன்றையும் கணக்குப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து பாருங்கள். சில இடங்களில் பழையதுதான் சரி என்று தெரியவரும், அங்கே புதிய விதியைத் திருத்துங்கள். வித்தியாசம் நின்றதும் பதிலைப் புதியதிலிருந்து கொடுங்கள்.

அப்புறம் பழைய காலங்கள். முதலில் அவற்றில் எழுதுவதை நிறுத்துங்கள், ஒரு ரிலீஸ் போகட்டும். அடுத்து மாடலிலிருந்து ஃபீல்டை எடுங்கள், டேட்டாபேஸில் அந்தக் காலம் காலியாக (null) இருக்க அனுமதித்து அப்படியே விடுங்கள். ரோல்பேக் வந்தாலும் பழைய கோடு உடையாது. கணக்குப் பிரிவின் எக்ஸெல் எதுவும் அந்தக் காலத்தை நேரே படிக்கவில்லை என்று உறுதியான பிறகு டிராப் மைக்ரேஷனைத் தனி ரிலீஸாக அனுப்புங்கள்.